சகலைக்குச் சொல்லாத குழி

எனக்கும் என் சகலைக்கும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. நான்கு வார்த்தைகளைத் தவிர. கல், குழி, வண்டி, மெதுவா. இந்த நான்கையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் மேல் இருக்கும்போது மட்டும் சொல்லிக்கொள்வோம். சைக்கிளை விட்டு இறங்கிவிட்டால் அதுவும் இல்லை.

ரோடு பைக் என்கிற பந்தய சைக்கிள் ஓட்டாதவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக ஓட்டும்போது, பின்னால் இருப்பவர் காற்றுக்கு மறைப்பாக முன்னால் போகிறவரை ஒட்டிக்கொண்டே வருவார். அவருக்கு முன்னால் போகிறவரின் முதுகு தெரியும், கீழே அவருடைய பின் டயர் தெரியும், வேறு ஒரு மண்ணும் தெரியாது. டயரோ விரல் கனம்தான். ஆகவே பாதையில் எது கிடந்தாலும் முன்னால் இருப்பவர் குரல் கொடுத்தே ஆக வேண்டும். ஜென்மப் பகையாளி பின்னால் வந்தாலும் கொடுக்க வேண்டும். இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இதை மீறிய ஒருவனை அதுவரை நான் பார்த்ததில்லை.

சகலை என்றால் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். குரலென்றால் அப்படி ஒரு குரல். அவர் “குழி” என்றால் குழியே எழுந்து வழிவிடுமோ என்று தோன்றும். நான் பொய்ப்பல் செய்கிறவன். பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், நான் வீட்டிலேயே ஒரு அறையில் உட்கார்ந்து பல் வரிசை கட்டிக் கொடுப்பேன். அந்த அறையை வைத்துத்தான் சண்டையும் வந்தது, பிறகு பந்தயமும் வந்தது.

சண்டை இப்படி. மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர், என் மேஜையில் இருந்த புதுப் பல் செட்டை எடுத்து, தன் வாய்க்கு முன்னால் பிடித்துக் கடகடவென்று ஆட்டி, “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டினார். கை தவறிக் கீழே போட்டார். மேல் வரிசை இரண்டாக உடைந்தது. மறுநாள் காலை அதைப் போட்டுக்கொண்டு மகள் பட்டம் வாங்குவதைப் பார்க்கப் போவதாக ஒரு அம்மாள் காத்திருந்தார். நான் கத்தினேன். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு, “என்ன இப்ப, பொய்ப்பல்தானே?” என்றார். அந்தத் “தானே” இன்னும் என் காதில் இருக்கிறது. உடைந்ததை நான் விடியும்வரை உட்கார்ந்து ஒட்டிவிட்டேன். அவரோடு ஒட்டவில்லை.

அப்புறமும் ஏன் சேர்ந்து சைக்கிள் ஓட்டினோம் என்று கேட்பீர்கள். வீம்புதான். முதலில் எட்டுப் பேர் இருந்தோம். ஒருவருக்கு முதுகு வலி, ஒருவருக்கு மாற்றல், ஒருவருக்கு மனைவி தடை என்று ஒவ்வொருவராகக் கழன்று நாங்கள் இரண்டு பேர் மிஞ்சினோம். நான் நின்றால் அவருக்குப் பயந்து நின்றதாக ஆகும். அவர் நின்றாலும் அப்படியே. ஆகவே ஞாயிறுதோறும் ஆறு மணிக்கு அதே முக்கில் இரண்டு ஊமைகள் சந்தித்துக்கொண்டோம்.

இந்த நிலைமையில்தான் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்தது. இனிமேல் அவரைத் தனியாக விடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமியார் போய் ஆறு வருடம். இருப்பது இரண்டு பெண்கள்.

மாமனார் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மருந்துச் சீட்டில்கூட எழுத்துப்பிழை பார்ப்பார். காலை நாலரைக்கு ரேடியோவை அலறவிடுவார். சகலையைப் “பெரிய மாப்பிள்ளை” என்பார். என்னைப் “பல் மாப்பிள்ளை” என்பார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் அந்த அறை போய்விடும். அச்சு வார்க்கிற மாவுப் பொடியும் மெழுகு வாடையும் தேய்க்கிற மோட்டார் சத்தமும் இருக்கிற இடத்தில் ஆபரேஷன் ஆனவரைப் படுக்கவைக்க முடியாது. வேறு அறை எங்களிடம் கிடையாது. அந்த அறை இல்லையென்றால் நான் மறுபடி எவனிடமோ கைகட்டி வேலைக்குப் போக வேண்டும். பதினொரு வருடம் அப்படிப் போனவன் நான். இனி முடியாது என்று எனக்குத் தெரியும்.

சகலைக்கும் நியாயம் இருந்தது. ரயில்வே குடியிருப்பு, மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது, பரீட்சைக்குப் படிக்கிற இரண்டு பிள்ளைகள். ஆனால் அவருடைய நியாயத்தை யோசிக்கிற மனநிலையில் நான் அன்று இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தோம். அக்காவும் தங்கையும் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார்கள். உள்ளே மாமனாருக்கு உடம்பு துடைத்துவிட்டு நர்ஸ் வெளியே வந்தார். சகலை அவரைப் பிடித்துக்கொண்டார்.

“சிஸ்டர், அவர்கிட்ட ஒண்ணு கேளுங்க. வீட்டுல ரெண்டாவது ரூம் ஒண்ணு இருக்குதே, அதுல மாமா தங்கினா என்னவாம்?”

“சிஸ்டர், அது ரூம் இல்ல, என் பொழப்புன்னு சொல்லுங்க,” என்றேன் நான். “அவர் வீட்டு ஹால் அவ்ளோ நீளமா இருக்கே, அதுல ரயிலா விடறார்னு கேளுங்க.”

நர்ஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது? எனக்கு இன்னும் ஏழு பேஷண்ட் இருக்காங்க,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சகலை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சுவரிடம் பேசினார்.

“ஞாயித்துக்கிழமை. மலை ஏறி இறங்கி அணை கேட் வரைக்கும். பின்னாடி வர்றவர் வீட்டுக்கு மாமா போகட்டும். பொம்பளைங்களுக்கு இது தெரியவே கூடாது. தோத்தவர் தானா மனசார ஒத்துக்கிட்ட மாதிரி வீட்டுல சொல்லிடணும்.”

நானும் சுவரிடம், “சரி,” என்றேன்.

இப்போது எழுதும்போது கூசுகிறது. அன்று கூசவில்லை. அன்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, ஏனென்றால் ஏற்றத்தில் நான் அவரைவிட லேசானவன்.

வழக்கமான தார் ரோடு மண்சரிவில் மூடியிருந்தது. கல் குவாரி லாரிகள் போகிற சரளைப் பாதைதான் மிச்சம். இருபத்திரண்டு கிலோமீட்டர் ஏற்றம், ஒன்பது கிலோமீட்டர் இறக்கம். ரோடு பைக்குக்கு அது பாதையே இல்லை. நான் கிளம்புவதற்கு முன் டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டேன். கல் போல இறுகக் காற்றடித்த டயர் சரளையில் பிடிக்காது, துள்ளும். சகலை குறைக்கவில்லை, கட்டை விரலால் அழுத்திப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார். எங்கள் நான்கு வார்த்தைகளில் காற்று என்ற வார்த்தை இல்லை. நான் பேசாமல் இருந்தேன்.

ஏற்றத்தில் அவர் முன்னால் போனார். நான் வேண்டுமென்றே பின்னால் ஒட்டிக்கொண்டேன். உடைத்துக் கொட்டிய புதுச் சரளை, முட்டை அளவுக் கற்கள். எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரம் சும்மா சுற்றியது. உட்கார்ந்து மிதித்தால் தொடை எரிந்தது. கைப்பிடியின் அதிர்வு மணிக்கட்டில் ஏறி, முழங்கையில் ஏறி, பல்லைக் கிட்டிக்க வைத்தது. லாரி ஒவ்வொன்றும் கடந்து போனபின் ஐந்து நிமிடம் மாவு மில்லுக்குள் ஓட்டுவது போல இருந்தது. வாயில் மண், கண்ணில் மண். அவர் வியர்வை வாடை வேறு.

அவ்வளவு மூச்சிரைப்பிலும் அவர் ஒன்றைக்கூட விடாமல் கூப்பிட்டுக்கொண்டே போனார்.

“கல்!”

“குழி!”

“வண்டி!”

அவருடைய குரலை நம்பித்தான் நான் ஓட்டினேன். ஒருமுறை தூசியில் எதுவுமே தெரியாமல், “மெதுவா!” என்ற ஒரே வார்த்தையில் பிரேக்கைப் பிடித்து, ஓர் அடி தள்ளிப் பாறை ஒன்று உருண்டு கிடந்ததைப் பார்த்தேன். எனக்கு நன்றி வரவில்லை, எரிச்சல் வந்தது. இந்த ஆள் என்னிடம் பெருந்தன்மை காட்டுகிறானா? பந்தயத்தன்றுகூடத் தன் குரலைத் தானே ரசிக்கிறானா? அப்படித்தான் நினைத்தேன். பிடிக்காதவன் நல்லது செய்தால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுகிறோம்.

உச்சிக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது அவருடைய பின் சக்கரம் துள்ளி வழுக்கியது. காலை ஊன்றினார். செங்குத்தான இடம், மறுபடி ஏறி உட்கார்ந்து மிதிக்க முடியாமல் சைக்கிளைத் தள்ள ஆரம்பித்தார். நான் அவரைக் கடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. என் அறை எனக்குத்தான் என்று மனது கூத்தாடியது.

ஆனால் இறக்கம் அவருடையது. நான் பயந்து பயந்து பிரேக்கைப் பிடிக்கிறவன். அவர் எடைக்கு அந்தச் சைக்கிள் கல் உருள்வது போல வரும். ஆறாவது கிலோமீட்டரில் எனக்குப் பின்னால் சரளை நொறுங்கும் சத்தம் கேட்டது. இரண்டு சைக்கிள் நீளத்தில் வந்துவிட்டார். அதன்பின் ஒட்டிக்கொண்டார். இன்னும் மூன்று கிலோமீட்டர். அடுத்த நேர்பாதையில் என்னைத் தாண்டிவிடுவார் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வளைவு முடிந்ததும் பார்த்தேன். மழைத் தண்ணீர் பாதையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போயிருந்தது. முழங்கால் ஆழம் இருக்கும். இடது ஓரத்தில் மட்டும் நடந்து போகிறவர்களுக்காக யாரோ கல்லைப் போட்டு ஒரு முழ அகலத்துக்கு நிரப்பி வைத்திருந்தார்கள். ஒரு சைக்கிள் போகலாம்.

“குழி” என்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு நேரம் இருந்தது. மூச்சும் இருந்தது. வார்த்தை தொண்டை வரைக்கும் வந்ததும் உண்மை. நான் வாயை மூடிக்கொண்டு இடது ஓரத்துக்குச் சாய்ந்து அந்தக் கல் மேல் ஏறிப் போய்விட்டேன்.

பின்னால் இரும்பு அடிபடுகிற சத்தம். பிறகு எதுவுமில்லை. அவர் கத்தக்கூட இல்லை.

நான் நிற்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் சொல்லியும் பயனில்லை. மூன்று கிலோமீட்டரும் இறங்கி, அணை கேட்டுக்குப் போய், அதன் பச்சைக் கம்பியைக் கையால் தொட்டேன். தொட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தேன். எழுந்து வந்துவிடுவார், சிராய்ப்போடு திட்டிக்கொண்டே வருவார் என்று பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. அப்புறம்தான் சைக்கிளைத் திருப்பினேன். வந்த வழியே மேலே மிதித்தேன்.

அவர் பள்ளத்துக்கு இப்பால் ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு பக்கக் கன்னம் தோல் உரிந்திருந்தது. இடது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சைக்கிளின் முன் சக்கரம் எட்டுப் போல வளைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார், முடியவில்லை. மூன்று வருடத்தில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

“வந்துட்டீங்களா. நான் விழுந்தது தெரியாம போயிருப்பீங்கன்னு நெனச்சேன்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “நீங்க குரல் குடுத்திருப்பீங்க. இந்தச் சரளைச் சத்தத்துல எனக்குத்தான் கேக்கல.”

நான் அவருடைய ஹெல்மெட் வாரைக் கழற்றினேன்.

“குடுத்தீங்கதானே?”

“ம்,” என்றேன்.

“அதான். என் தப்புதான். நீங்கதான் முன்னாடி போயிட்டிருந்தீங்க. மாமா எங்க வீட்டுக்கே வரட்டும்.”

ஒரு குவாரி லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். ஓட்டுநர் பக்கத்தில் சகலையைச் சாய்த்து உட்கார வைத்து, குலுங்கும்போதெல்லாம் நான் அவர் தோளைத் தாங்கிக்கொண்டேன். வழி நெடுக அவர் நன்றி சொல்லிக்கொண்டே வந்தார். லாரியிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

காரை எலும்பு முறிவு, ஆறு வாரம் கட்டு. அன்று சாயங்காலமே அவர் வீட்டில் அறிவித்துவிட்டார், மாமாவை நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்று. என் மனைவி அழுதுவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் என் மேல் பாய்ந்தாள்.

“ஒரு கை தொங்குது அத்தானுக்கு. அந்த நெலமையிலயும் அப்பாவை நான் பாத்துக்கறேன்னு சொல்றாரு. நீங்களும்தான் இருக்கீங்க, மாவைக் கொழச்சுக்கிட்டு!”

நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மேஜை, மோட்டார், மெழுகு விளக்கு, அச்சுகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. நான் ஜெயித்த அறை. ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். தேய்த்துக்கொண்டே இருந்ததில் பல் பாதியாகிவிட்டது.

புதன்கிழமை மாமனாரை டிஸ்சார்ஜ் செய்தார்கள். பெண்கள் இருவரும் பேப்பர்களில் கையெழுத்துப் போடக் கீழே போயிருந்தார்கள். வராந்தாவில் மாமனார் சக்கர நாற்காலியில், புதுச் சட்டையில், வாரிய தலையோடு. சகலை ஒற்றைக் கையால் நாற்காலியைத் தள்ளினார். அது நேராகப் போகாமல் சுவர்ப்பக்கம் இழுத்துக்கொண்டே போனது. நான் பிடிக்கப் போனேன். “பரவால்ல, பரவால்ல,” என்று மறுத்துவிட்டார். எதிரே வந்த நர்ஸிடம், அதே நர்ஸிடம், தன் ரயில்வே குரலில் ஆரம்பித்தார்.

“இவராலதான் சிஸ்டர் நான் இன்னிக்கு நிக்கறேன். குழின்னு கத்திருக்காரு. என் காதுலதான் விழல. அப்படியே திரும்பி வந்து என்னைத் தூக்கிட்டு வந்தாரு. மூணு வருஷம் நான் இவர்கிட்ட பேசாம இருந்தேன், பாருங்க. எனக்கு புத்தி இல்ல. மாமா, உங்க சின்ன மாப்பிள்ளை மாதிரி ஒருத்தர்...”

“நான் கத்தல,” என்றேன்.

அவர் சிரித்தார். “இல்ல, நீங்க கத்தி...”

“நான் கத்தலன்னு சொல்றேன்ல! குழியைப் பாத்தேன். உங்களுக்குச் சொல்ல நேரம் இருந்துச்சு. வாயை மூடிக்கிட்டு ஓரமாப் போயிட்டேன். பந்தயத்துல ஜெயிக்கணும்னு. கேட்டைத் தொட்டுட்டுத்தான் உங்களைத் தேடியே வந்தேன்.”

வராந்தா முழுவதும் கேட்டிருக்கும். எனக்கு அவ்வளவு கோபம். யார் மேல் என்று கேட்டால் இன்றும் சரியாகச் சொல்லத் தெரியாது. அவர் திட்டியிருந்தால் ஆயுசுக்கும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவர் புகழ்ந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நர்ஸ் சத்தமில்லாமல் அடுத்த அறைக்குள் நுழைந்துகொண்டார்.

“நான் எவ்வளவு நேரம் அங்க கெடந்தேன்?” என்று சகலை கேட்டார்.

“நாப்பது நிமிஷம்.”

“எனக்குப் பத்து நிமிஷம் மாதிரிதான் இருந்துச்சு,” என்றார். அவருடைய குரல் ஒரு மாதிரி சின்னதாகிவிட்டது. நாற்காலியின் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். வராந்தாவின் கடைசியில் இருந்த பெஞ்சுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

நாற்காலி வராந்தா நடுவில் நின்றது. நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

“என்ன பந்தயம்?” என்றார் மாமனார்.

நான் நாற்காலியை லிஃப்ட் பக்கம் திருப்பப் பார்த்தேன்.

“உங்களைத்தான் கேக்கறேன். எதுக்குப் பந்தயம்?”

“சைக்கிள் பந்தயம், மாமா.”

“அது தெரியுது. ஜெயிச்சவருக்கு என்ன கெடைக்கும்னு பேசிக்கிட்டீங்க?”

பொய் சொல்லியிருக்கலாம். என்னிடம் ஆயிரம் பொய் இருந்தது. ஆனால் அன்றைக்கு வாயைத் திறந்தது திறந்ததாக இருந்துவிட்டது.

“நீங்க வராம இருக்கிறது,” என்றேன்.

மாமனார் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய பின்னந்தலையும் சட்டைக் காலரும்தான் எனக்குத் தெரிந்தன.  நாற்காலியின் பிரேக்கைத் தன் கையாலேயே இழுத்துப் போட்டார்.

“பொண்ணுங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“வருவாங்க இப்ப. சொல்லிடுங்க.”

“நானா மாமா?”

“பின்ன யாரு? ஜெயிச்சது நீங்கதானே?”

லிஃப்ட் திறந்தது. என் மனைவி கையில் பேப்பர்களோடு முதலில் வந்தாள், பின்னாலேயே அவள் அக்கா. பத்து நாளில் அன்றுதான் என் மனைவி சிரித்து நான் பார்த்தேன். “எல்லாம் முடிஞ்சுதுப்பா, கெளம்பலாமா?” என்று கேட்டுக்கொண்டே வந்தவள் எங்கள் முகங்களைப் பார்த்து நின்றுவிட்டாள்.

நான் அவள் முழங்கையைப் பிடித்து லிஃப்ட் பக்கமாகத் தனியே கூட்டிப்போகப் பார்த்தேன்.

“இங்கயே,” என்றார் மாமனார். “எனக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க.”